கணக்கில் இருந்த மூன்று வெள்ளி

உங்கள் அலுவலகத்தில் என்னைப் பேச அழைத்திருந்த அன்று, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்ட கேள்விக்கு எல்லோரும் சிரித்தீர்கள். "கூடுதலாகச் செலுத்தப்பட்ட மூலதனம் என்று இவ்வளவு பெரிய தொகை கிடக்கிறதே, அதை எடுத்துக் கடனை அடைத்தால் என்ன?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. நேரமாகிவிட்டது, பிறகு பேசலாம் என்று சொல்லி நழுவினேன். நேரம் இருந்தது. ஏறக்குறைய அதே கேள்வியைப் பல வருடங்களுக்கு முன்பு வேறொரு பெண் என்னிடம் கேட்டிருந்தார். அவருக்கு நான் சொன்ன பதில் நினைவுக்கு வந்ததால்தான் அன்று வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸில் அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். நீங்கள் அதை 'அடிஷனல் பெய்ட்-இன் கேப்பிட்டல்' என்கிறீர்கள். எங்களுக்கு அது ஷேர் பிரீமியம். இப்போதைய மலேசியக் கம்பெனிச் சட்டத்தில் பங்குக்கு முகமதிப்பு என்று எழுதி வைத்த விலையே கிடையாது, அதனால் கணக்கு அறிக்கையில் அந்த வரி தனியாக வருவதில்லை. நான் சொல்லும் காலத்தில் இருந்தது. ஒரு பங்கின் முகமதிப்பு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். வாங்குகிறவர் அதற்கு நான்கு வெள்ளி கொடுக்கிறார். ஒரு வெள்ளி பங்கு மூலதனம் என்ற வரிக்குப் போகும், மிச்ச மூன்று வெள்ளி ஷேர் பிரீமியத்துக்குப் போகும். வந்த பணம் என்னவோ ஒரே பணம்தான். அதில் கம்பெனி கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம், எல்லாம் செலவாகிப் போகலாம். அந்த வரி மட்டும் அப்படியே நிற்கும். அது ஒரு காலத்தில் பங்குதாரர்கள் கொடுத்த பணத்தின் பதிவே தவிர, கையில் இருக்கும் பணம் அல்ல. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் நிதி மேலாளராக இருந்தேன். அலுவலகம் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில்; தொழிற்சாலை கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தைத் தாண்டி. காப்புரிமை முடிந்துபோன மருந்துகளை மலிவாகத் தயாரித்து விற்பதுதான் தொழில். காய்ச்சல் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை நோய்க்கானது. முதலாளி மருந்தாளராகப் படித்தவர். நாள் முழுக்க மெதுவாகக் கரையக்கூடிய ஒரு சர்க்கரை மாத்திரையைச் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. அதற்குப் புதிய கட்டடம், புதிய இயந்திரங்கள் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரையைப் போலவே எங்களுடையதும் உடம்பில் வேலை செய்கிறது என்று பரிசோதித்துக் காட்டவும் வேண்டும். அதற்காகத்தான் பங்கு விற்றோம். சீக்கிரம் பங்குச் சந்தைக்குப் போகப்போகிறோம் என்று சொல்லி, விருப்பப்பட்ட ஊழியர்களுக்கும் அதே நான்கு வெள்ளி விலையில் கொடுத்தோம்.

மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் பிரிவுக்கு தனலெட்சுமி என்பவர் மேற்பார்வையாளர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். ஒருமுறை அட்டையில் காலாவதித் தேதியின் கடைசி எண் மங்கலாக விழுந்திருந்தது. மருத்துவமனைக்கு அவசரமாகப் போக வேண்டிய சரக்கு. தொழிற்சாலை மேலாளரே வந்து கேட்டும் அவர் கையெழுத்துப் போடவில்லை. "என் கண்ணுக்கே தெரியல, வயசானவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரே பிடியாக நின்று, முழு ஷிஃப்டின் சரக்கையும் திரும்ப அடைக்க வைத்தார். அதனால் அவர் ஒன்றைச் சரி என்று சொன்னால் அந்தப் பிரிவில் மறுபேச்சு இருக்காது.

ஐம்பது வயதானதும் சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்த பணத்தில் இருபதாயிரம் வெள்ளியைப் போட்டு அவர் ஐயாயிரம் பங்கு வாங்கினார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கெப்பாலா பத்தாஸில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

பரிசோதனையில் மாத்திரை தோற்றது. சில மணி நேரத்துக்குள் வேகமாகக் கரைந்துவிட்டது. முதலாளி மருந்தின் கலவையை மாற்றி இரண்டாம் முறை செய்துபார்த்தார், அதுவும் தோற்றது. கட்டடமும் இயந்திரமும் பரிசோதனையுமாகச் சேர்ந்து வந்த பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. பங்குச் சந்தைப் பேச்சு நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் எங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு மருந்து விநியோகஸ்தர், ஊழியர்களின் பங்கை ஒன்றரை வெள்ளிக்கு வாங்கிக்கொள்வதாகக் கடிதம் அனுப்பினார். மூன்று வாரம் தவணை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் மோசமான ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தன் சொந்த வீட்டையே வங்கியில் ஈடு வைத்திருந்தார்.

"அவன் கைக்கு அந்தப் பங்கெல்லாம் போனா பேக்டரியே போயிடும் புவனா. முதல்ல இழுத்து மூடிட்டு மெஷின வித்துடுவான். முந்நூறு பேரு நடுத்தெருவுல நிப்பாங்க. நாளைக்குக் கேன்டீன்ல பேசலாம். நீங்க ஒரு படம் மட்டும் போட்டுக் காட்டுங்க, போதும்."

"என்ன படம் சார்?"

"ஷேர் பிரீமியம் நம்பரு. பதினெட்டு மில்லியன் வெள்ளி. ரிப்போர்ட்ல இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா அது..."

"நான் பொய் சொல்லச் சொல்லலையே? ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நம்பர்தானே? இருக்குறத இருக்குன்னு காட்டுங்க, அவ்ளோதான் லா."

நான் 'ஆனா' என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்கவில்லை. இன்று நினைத்தால் அங்கேயே பாதித் தவறு நடந்து முடிந்துவிட்டது. முந்நூறு பேரின் வேலை என்று அவர் சொன்னது என்னை அசைத்தது உண்மை. அதோடு, பதினோரு வருடமாக எனக்குச் சம்பளம் கொடுத்தவர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசக் கூச்சமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போதுகூட என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எண்பது பேர்போலக் கேன்டீனில் கூடினார்கள். சுவரில் என் படம் விழுந்தது. முதலாளி அந்த எண்ணைக் காட்டிப் பேசினார். "நீங்க ஒவ்வொரு பங்குக்கும் கூடுதலாக் கொடுத்த மூணு வெள்ளி இதோ இந்த நம்பர்ல இருக்கு. இந்தக் கணக்கைத் தொட்டு யாருக்கும் டிவிடென்ட் கொடுக்கக்கூடச் சட்டம் விடாது. என்னாலயே எடுக்க முடியாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. தணிக்கையாளர் வந்து பக்கத்தில் நின்றிருந்தாலும் தவறு என்று சொல்லியிருக்க முடியாது. கேட்டவர்களின் மனதிலோ, பூட்டிய பெட்டிக்குள் பணம் இருக்கிறது, சாவி முதலாளியிடம்கூட இல்லை என்ற சித்திரம் எழுந்தது. அந்த முகங்களிலிருந்து கவலை விலகுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தனலெட்சுமி எழுந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்லுங்க. அந்த மூணு வெள்ளி இப்ப இருக்கா?"

எண்பது பேரும் திரும்பினார்கள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்குல இருக்குக்கா," என்றேன்.

நம் மொழியில் கணக்கு என்றால் ஏட்டில் எழுதியதும் கணக்குதான், வங்கியில் போட்டு வைத்ததும் கணக்குதான். நான் ஒன்றைச் சொன்னேன். அவர் மற்றதைக் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் கேட்டுக்கொள்வார் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். "சரி மேடம், அது போதும்," என்று உட்கார்ந்தார்.

திருத்த இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து, தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது ஃபெரிப் படகில் அவரைப் பார்த்தேன். மருத்துவமனையில் யாரையோ பார்க்கத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க லைன்லயும் கிடங்குலயும் பத்துப் பேரு வித்துடலாம்னு ஃபாரம் எல்லாம் நிரப்பி வச்சிருந்தாங்க மேடம். நான்தான் சண்டை போட்டு நிறுத்துனேன். நாலு வெள்ளிக்கு வாங்குனத யாராச்சும் ஒன்றரைக்குக் கொடுப்பாங்களா? மூணு வெள்ளி பத்திரமா இருக்குன்னு மேடமே சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்."

தவணைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஃபெரி கரை சேர இன்னும் பத்து நிமிடமாவது இருந்தது. இரண்டு நிமிடம் போதும் என்று மேலே எழுதினேனே, அப்படி ஐந்து முறை சொல்லியிருக்கலாம்.

"எதுக்கும் நல்லா யோசிச்சுச் செய்யுங்கக்கா," என்றேன்.

"யோசிச்சாச்சு மேடம்," என்று சிரித்தார்.

கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு நானே அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனியின் கையில் எவ்வளவு இருக்கிறது, வங்கி என்ன மிரட்டுகிறது, இவை ரகசியம். ஷேர் பிரீமியம் என்றால் என்ன என்பது ரகசியமா? எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நெருக்கடி வரும். அப்போது வாயைக் கட்டுவது சட்டமா, உங்கள் பயமா என்று ஒருமுறை நின்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் பங்குகளையும் நான் விற்கவில்லை, அதனால் நானும் அவர்களோடுதான் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் ஏமாற்று வேலைதான். அந்தப் பணம் போனாலும் எனக்கு வீடு இருந்தது.

தவணை முடிந்தது. ஊழியர்களில் பாதிப் பேர் விற்றார்கள், பாதிப் பேர் வைத்துக்கொண்டார்கள். போட்டியாளரால் தொழிற்சாலையைப் பிடிக்க முடியவில்லை. முதலாளி நினைத்தது நடந்தது. ஆனால் நட்டம் ஏறிக்கொண்டே போனது. அடுத்த வருடம் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி எங்களை வாங்க முன்வந்தது. பங்குக்கு இருபது காசு. அதற்கு முன்பு பழைய நட்டத்தைக் கணக்கிலிருந்து துடைக்க வேண்டும் என்று கேட்டது. அதாவது, ஏட்டில் பதினெட்டு மில்லியன் ஷேர் பிரீமியத்தை நீக்கி, அதற்கு எதிராக நட்டத்தையும் நீக்குவது. பங்குதாரர்களின் ஒப்புதலும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். எல்லாப் பங்குதாரர்களுக்கும் அறிக்கை போனது.

தனலெட்சுமி அந்த அறிக்கையோடு தொழிற்சாலையில் என் அறைக்கு வந்தார். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். 'நீக்கும் முன்' என்ற கட்டத்தில் பதினெட்டு மில்லியன், 'நீக்கிய பின்' என்ற பக்கத்துக் கட்டத்தில் ஒரு சிறிய கோடு.

"மேடம், இத யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கலக்கா."

"இருந்துச்சே. இப்ப இல்லன்னு போட்டிருக்கு. யாரோ எடுத்திருக்கணும்ல?"

அப்போதுதான் நான் விளக்கினேன். மூலதனம், முகமதிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். என் மேசைமேல் அவருடைய பிரிவிலிருந்து வந்த பேட்ச் ரெக்கார்டு ஒன்று கிடந்தது. ஒவ்வொரு தொகுதி மாத்திரைக்கும் எது, எவ்வளவு, யார் செய்தார், யார் பார்த்தார் என்று எழுதி வைக்கும் கோப்பு அது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல ரெண்டு லட்சம் மாத்திரைன்னு போட்டிருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்த மாத்திரை எல்லாம் இப்ப எங்க?"

"எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயி, மனுசங்க முழுங்கியாச்சு."

"ஆனா பேப்பர்ல இன்னும் ரெண்டு லட்சம் இருக்கு."

அவர் அந்தக் கோப்பைப் பார்த்தார். கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார்.

"அப்ப இது பேட்ச் ரெக்கார்டு. மாத்திரை இல்ல."

"ஆமாக்கா."

"அன்னைக்குக் கேன்டீன்ல நான் கேட்டப்ப, மாத்திரை அப்பவே முழுங்கியாச்சு?"

"ஆமா."

அறிக்கையை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார். "இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே மேடம். எனக்குப் புரிஞ்சிருக்குமே."

என் தொழில் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்ற எண்ணத்துக்குப் பின்னால்தான் நான் அத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்தேன். அவருக்குப் புரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒன்றரை வெள்ளிக்கு விற்றிருந்தால் ஏழாயிரத்து ஐந்நூறு வந்திருக்கும். இப்போது ஆயிரம்தான் வரும். மிச்சம் ஆறாயிரத்து ஐந்நூறை ஓர் உறையில் போட்டுக்கொண்டு அந்த வாரமே பட்டர்வொர்த்தில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். கோப்பி கலக்கிக் கொடுத்தார். உறையை என் பக்கமே தள்ளிவிட்டார்.

"எனக்குக் காசு வேணாம். என்னைய நம்பி விக்காம விட்டாங்களே பத்துப் பேரு, அவங்க இப்ப என்கூட உக்காந்து சாப்புடுறதுகூட இல்ல. முதலாளிகிட்ட எவ்ளோ வாங்குனேன்னு கோவிந்தசாமி மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. எல்லாரும் பாக்கத்தானே நீங்க சொன்னீங்க? அதே மாதிரி எல்லாரும் பாக்க, தனம் பொய் சொல்லல, நான்தான் சரியா சொல்லலன்னு சொல்லுங்க. அது போதும்."

"சொல்றேன்கா," என்றேன்.

கோவிந்தசாமி கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவர். தனலெட்சுமி தடுத்து நிறுத்திய பத்துப் பேரில் அவரும் ஒருவர்.

நான் முதலில் வழக்கறிஞரிடம் கேட்டேன். நீதிமன்ற அனுமதி வந்து கைமாற்றம் முடியும்வரை பங்கைப் பற்றி ஊழியர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்றார். வழக்கறிஞர் வேறு என்ன சொல்வார்? நான் கேட்கப் போனதே அந்தப் பதிலை வாங்கத்தானோ என்று பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. நான்கு மாதம் காத்திருந்தேன். அனுமதி வந்த அன்று பதினெட்டு மில்லியனை நீக்கும் பதிவை நானே போட்டேன். ஒரு காசுகூட எங்கிருந்தும் எங்கும் நகரவில்லை. மறுவாரம் கேன்டீனில் கூட்டம் போட்டேன்.

தனலெட்சுமி அங்கே இல்லை. மூன்று வாரம் முன்பே வேலையை விட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பேட்ச் ரெக்கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து, மறைக்காமல் சொன்னேன். தனம் அக்கா யாரிடமும் காசு வாங்கவில்லை, என் வார்த்தையை நம்பித்தான் உங்களைத் தடுத்தார் என்றேன். யாரும் கத்தவில்லை. பின்னால் நின்ற ஒருவர் மட்டும், "அவங்க இங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார். பழைய வேலைகளில் பெரும்பாலானவற்றைப் புதிய கம்பெனி வைத்துக்கொண்டது. அந்த வகையில் முதலாளி சொன்னது சரியாகத்தான் முடிந்தது. அதை யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெப்பாலா பத்தாஸுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். "சொல்லிட்டேன்கா," என்றேன்.

"யாரு யாரு இருந்தாங்க?" என்று கேட்டு, விரல் விட்டுப் பெயர்களை எண்ணினார். பத்தில் ஏழு வந்தது. "மிச்சம் மூணு பேரு?"

அவர்களும் வேலையை விட்டிருந்தார்கள். "அவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தாளில் ஒரு கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதைப்போலக் கேட்டார்.

ஒருவர் பாலிக் புலாவில் மாமனாருடைய டுரியான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரில் போய்ச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, போகட்டும் என்றார். இன்னொருவர் ஜோகூருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டவர் பாதியிலேயே வைத்துவிட்டார். மறுபடி அழைத்து மீதியைச் சொன்னேன். மூன்றாவது ஆள் கோவிந்தசாமி. அவர் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. நான் போனபோது, மாரடைப்பில் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் மனைவி என்னை உட்காரச் சொன்னார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"சாகுற வரைக்கும் தனத்தத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு," என்றார். "உங்க பேர ஒரு தடவகூடச் சொன்னதில்லம்மா. தனம் சாவுக்கு வந்துச்சு. வாசல்லயே நின்னுச்சு. நான் உள்ள வான்னு கூப்புடல."

தனலெட்சுமியின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் அழைத்தாரா என்று தனலெட்சுமியிடம் நான் இதுவரை கேட்கவில்லை. அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை.